நேற்றுப் பிறந்த பழைய அலமாரி

பாரம்பரியச் சமையலறை அலமாரி என்பது கல் மேடைக்கு அடியில் செதுக்குக் கதவும், கதவில் பித்தளை வளையமும், வளையத்தில் கைத்துணியும் தொங்கும் ஒரு மரச்சாமான். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புது வீடு கட்டும்போது இதற்கு ஆசைப்படுவோர் உண்டு. தாத்தா காலத்துச் சமையலறை மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்வார்கள். சிக்கல் ஒன்றுதான்: தாத்தா காலத்துச் சமையலறையில் அலமாரியே கிடையாது.

பழைய ஓட்டு வீட்டில் சமையல் சாமான்களுக்கு இரண்டே இடம்: ஒன்று தரை, இன்னொன்று தலைக்கு மேல். அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மனை எல்லாம் தரையில், சமைப்பவர் மணைப்பலகையில். பண்டிகைக்கு மட்டும் இறங்கும் அண்டாக்கள் பரணில். தயிரும் வெண்ணெயும் உறியில். உறி பூனைக்கு எட்டாது. பிள்ளைகளுக்கு எட்டும் என்பது ஆயர்பாடியிலேயே நிரூபணமாகிவிட்டது. உப்பு மரவையில், கடுகும் சீரகமும் அஞ்சறைப்பெட்டியில், விளக்கு மாடத்தில். இடைப்பட்ட உயரத்தில் இருந்தது புகை.

பெரிய ஏற்பாடு நெல்லுக்குத்தான். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. அந்தப் பாசனத்தில் விளைந்த நெல் வீட்டுக்கு வந்தால் குதிருக்குள் போகும். சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இணைப்புகளில் களிமண்ணும் சாணமும் பூசினால் குதிர். மேலே கொட்டுவது, அடியில் உள்ள துளை வழியாக எடுப்பது. முதலில் போன நெல் முதலில் வெளியே வரும். இதை இப்போது மேலாண்மைக் கல்லூரியில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். வில்லியனூர்ச் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆக, இந்த வட்டாரத்தின் மெய்யான பாரம்பரியச் சமையல் சாமான் மண்ணால் ஆனது. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கதவு வைத்த முதல் சாமான் கம்பிவலை அலமாரி. வெள்ளைக்காரர் வீடுகளில் இது இறைச்சி வைக்கும் ‘மீட் சேஃப்’. நம் வீடுகளுக்கு வந்ததும் பாலும் மோரும் வைக்கிற சைவமாக மாறிவிட்டது. நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிற்கும். செஞ்சிக் கோட்டைக்கு அகழி வெட்டிய அதே தத்துவம். எதிரி மட்டும் எறும்பு. தண்ணீர் வற்றிய அன்று சர்க்கரை டப்பா வீழ்ந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி வந்தபிறகு இந்த அலமாரி தோட்டத்துக்கு இடம்பெயர்ந்து கோழிக்கூடாகப் பணியைத் தொடர்ந்தது.

அடுப்பைத் தரையிலிருந்து தூக்கியது எரிவாயு. சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் மேடை வந்தது. மேடைக்கு அடியில் ஒரு பொந்து வந்தது. பொந்துக்குள் சிலிண்டர், வெங்காயக்கூடை, உடைந்த மிக்சி ஜார் எல்லாம் குடியேறின. விருந்தாளி கண்ணில் படாமலிருக்க ஸ்பிரிங் கம்பியில் பழைய சேலையைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அப்புறம் அலுமினியக் கதவு, அப்புறம் ‘மாடுலர் கிச்சன்’. வம்சாவளியைச் சரியாகப் பார்த்தால், தேக்குச் செதுக்கலோடு நிற்கும் இன்றைய அலமாரிக்கு மூதாதை அந்தக் கிழிந்த சேலைதான்.

சேலையிலிருந்து தேக்குக்குப் போக மரம் வேண்டும். பழைய மரம் கேட்பவர்கள் ஆரோவில் பக்கத்துக் கடைகளையோ காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவையோ தேடிப் போகிறார்கள். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததில், காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்களுக்கு அங்கே இருந்த சொத்துகள் கைநழுவின. பராமரிக்க முடியாத மாளிகைகள் பின்னாளில் கதவு கதவாக, தூண் தூணாகச் சந்தைக்கு வந்தன. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு இப்படித்தான் பாகூரில் கடுகு டப்பாவுக்குக் காவல் நிற்கிறது. மரம் அருமையானது, பல பத்தாண்டுகள் காய்ந்து, வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்தது. ஆனால் உள்ளே பழைய ஆணி இருக்கும். இழைப்புளியின் அலகு அதில் மோதும்போது ஆசாரி சொல்வது அச்சுக்கு ஏற்றதல்ல. தவிர, இன்றைய கீல்கள் 18 மில்லிமீட்டர் பலகைக்காகச் செய்யப்பட்டவை. இரண்டு அங்குலக் கதவை அவற்றில் தொங்கவிட்டால் சீக்கிரமே கதவு கையோடு வரும்.

மெய்யான பழசு கிடைக்காதவர்களுக்கு ‘ஆன்டிக் ஃபினிஷ்’. புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்குவார்கள். ஊசியால் பூச்சித் துளை குத்துவார்கள். இரும்பு நார் ஊறிய வினிகரைத் தேய்ப்பார்கள். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுக்கும். இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் விரல் கறுப்பதிலும் இந்த வினைக்குப் பங்குண்டு. அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை. மேலே அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்சு பாலிஷ். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், பாலிஷ் தங்கிவிட்டது. சமையலறைக்கு அது தோதுப்படாது. சூடு பட்டால் அரக்கு இளகும். கொதிக்கும் குழம்புச் சட்டியை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். எண்ணெய்ப் பூச்சே மேல்.

கைவேலையின் பெருமை இணைப்பில் இருக்கிறது. துளையில் கழுந்து இறங்க வேண்டும். கதவின் நடுப்பலகையை ஒட்டாமல், சட்டத்தின் காடிக்குள் தளர்வாக விட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் உப்பும், பங்குனியில் சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் விட்டவரே நல்ல ஆசாரி. இருந்தும் மழைக்காலத்தில் ஏதாவது ஓர் இழுப்பறை சிக்கிக்கொள்ளும். “மழை போவட்டும்ங்க, தானா வரும்” என்பார். வரும், அதுவரை கரண்டிகள் உள்ளேதான். இந்தத் தொல்லை வேண்டாதவர்களுக்கு ஐ.எஸ். 710 தர ஒட்டுப்பலகை இருக்கிறது. 72 மணிநேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள், பிரியாது. எந்தக் குழம்பும் இவ்வளவு நேரம் கொதிப்பதில்லை.

கடைசியாக, மூதாதைச் சேலை செய்த வேலையில் கதவால் செய்ய முடியாதது ஒன்று உண்டு: காற்றை விடுவது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மூடிய பெட்டிக்குள் 14.2 கிலோ சிலிண்டரை வைக்கவே கூடாது; வைத்தே தீருவேன் என்பவர்கள் கதவின் மேலும் கீழும் காற்றுத் துளைகளைக் கேட்டு வாங்க வேண்டும். பூச்சித் துளைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். அதைப் பூச்சியே வந்து போட்டுத் தரும்.