பத்தொன்பது பங்கு கொடை

தெல்தெனியக் கடைகளில் இப்போது வரிசையாக நிற்கும் 4கே தொலைக்காட்சிகளைப் போலக் கொடையுள்ளம் படைத்த பொருளை இந்தப் பக்கத்து மக்கள் கண்டிருக்க மாட்டார்கள். கணக்கோடு சொல்கிறேன். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று தொட்டு அன்டனா வழியே நம் வீட்டுக்கு வருவது 625 கோட்டுப் படம். அதில் காட்சியைச் சுமப்பவை 576 கோடுகள்தான். டிஜிட்டல் அளவில் சொன்னால் 720க்கு 576, ஏறக்குறைய 4 இலட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். 4கே திரையிலோ 3,840க்கு 2,160. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு வரும். நிலையம் ஒரு புள்ளியை அனுப்புகிறது. மீதிப் பத்தொன்பதையும் பெட்டி தன் கையிலிருந்து போட்டு நிரப்புகிறது. கேட்காமலே இவ்வளவு தருபவர் வேறு யார்?

அந்தக் கொடை எப்படி இருக்கிறதென்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இரவுச் செய்தி ஓடும்போது திரைக்கு இரண்டடி தள்ளி நில்லுங்கள். வாசிப்பவரின் கன்னம் மெழுகு பூசியதுபோல வழவழவென்றிருக்கும். அடியில் ஓடும் தமிழ் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கட்டியிருக்கும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள சுழி வித்தியாசத்தைப் பெட்டி அன்போடு கரைத்துவிட்டிருக்கும். கிரிக்கெட் என்றால் பந்துக்கு ஒரு வால் முளைக்கும். பழைய 21 அங்குலப் பெட்டி இந்தக் குறைகளையெல்லாம் மறைத்து நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தது. புதியது ஒன்றையும் மறைப்பதில்லை, பெரிதாக்கியே காட்டுகிறது.

கடைக்காரர்களின் ரசனையையும் பாராட்டத்தான் வேண்டும். பனிமலை, பஞ்சவர்ணக்கிளி, மாதுளம்பழத்தில் சொட்டும் நீர் என்று பென் டிரைவில் ஓடும் படம் கண்ணைப் பறிக்கும். அது 4கேயில் எடுத்த படம், 4கே திரையில் ஓடுகிறது. அதில் பொய்யே இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போனதும் அந்தக் கிளி வராது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்த விஷயத்தில் நாட்டின் பொறுமை இன்னும் பெரிது. தரைவழி ஒளிபரப்பை டிஜிட்டலாக்கப் போகிறோம் என்றார்கள். முதலில் ஐரோப்பிய முறை என்று தொடங்கி, 2014இல் ஜப்பானிய முறைக்கு மாறினார்கள். அதே ஆண்டு ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே வந்தபோது கடனுதவிக்கும் இணக்கம் கண்டார்கள். பத்து வருடம் போன பிறகும் அன்டனாவில் வந்தது அதே அனலொக் படம்தான். ஆளுக்கொரு அவசரம் பிடித்த இந்தக் காலத்தில் இவ்வளவு நிதானத்தை எங்கே காண்பது! அந்த நிதானத்தின் பலனாக, இன்று 4கே வாங்குகிறவர் இன்னும் வராத ஒளிபரப்புக்கு முன்கூட்டியே காசு கட்டுகிறார். ஒளிபரப்பு வரும் நாளில் அவருடைய பெட்டிக்கு அந்த முறை புரியுமா என்பது வேறு கதை.

இன்டர்நெட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு ஒரு மணித்தியாலத்தில் 7 ஜிபி வரை டேட்டா போகும். சிம் போட்ட ரவுட்டரும் மாதாந்தப் பெக்கேஜும் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு படம் பார்த்தால், பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்கு மிஞ்சுவது என்னவென்று தாய்மாரிடம் கேளுங்கள். டிஷ் இருக்கிறதே என்றால், ஐப்பசியில் பின்னேர இடி மழை நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து இறங்கும்போது திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற வரியைத் துல்லியமான 4கேயில் வாசிக்கலாம்.

புதுமையின் தன்னடக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. ‘அவதார்’ வந்த சூட்டில் 2010இல் முப்பரிமாணத் தொலைக்காட்சிகள் உலகெங்கும் இறங்கின. இனி வீட்டில் கண்ணாடி போடாமல் யாரும் டிவி பார்க்கப்போவதில்லை என்று பேசினார்கள். பிபிசி 2013இல் தன் முப்பரிமாண ஒளிபரப்பை நிறுத்தியது. 2017இல் எல்ஜியும் சோனியும் அந்த வகைப் பெட்டி செய்வதையே விட்டன. ஏழு வருடத்துக்குள் வந்து, வாங்கியவர் காசைத் திருப்பிக் கேட்காத இடமாகப் பார்த்து, சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்ட பண்பு அது.

நம்மீது புதிய பெட்டிக்குள்ள அக்கறையோ சொல்லி முடியாது. நாம் பார்ப்பதை அதுவும் கூடவே இருந்து பார்க்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனத்தின் 1 கோடி 10 இலட்சம் பெட்டிகள், எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் குறித்துக்கொண்டிருந்தன. 2017இல் அந்த நிறுவனம் 22 இலட்சம் டொலர் கட்டி வழக்கை முடித்தது. பழைய பெட்டிக்கு நம்மீது இந்தக் கரிசனை ஒருநாளும் இருந்ததில்லை.

மின்சாரத்துக்கும் தெல்தெனியவுக்கும் உள்ள பந்தம் சாதாரணமானதல்ல. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 1985இல் திறந்த அந்த 122 மீற்றர் அணையும் 210 மெகாவாட் நிலையமும் நாட்டுக்கு வெளிச்சம் தர, இந்த ஊர் கடைத்தெருவோடு மேட்டுக்கு ஏறியது. புதுத் தொழில்நுட்பத்துக்கு இடம் கொடுப்பதென்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஊரின் சனங்கள் பெரிய திரையின் கரண்ட் பில்லையும் முகம் சுளிக்காமல் கட்டுகிறார்கள்.

ரங்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து தவணைக்கு எடுப்பவர்களை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. தோட்ட நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் என்று முடிவானது. அந்தச் சம்பளத்தில் மாதம் தவறாமல் தவணை கட்டும் நாணயத்தை எந்தக் கடையும் குறை சொன்னதில்லை. தவணை முடியுமுன் திரையில் கோடு விழுந்தால், புதுப் பெனல் போடும் செலவு ஏறக்குறைய இன்னொரு பெட்டியின் விலை. முந்தி, பெட்டியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தால், பஸாரில் ஒருவர் கபாசிட்டர் ஒன்றை மாற்றிப் பின்னேரமே கையில் கொடுத்துவிடுவார். அந்த அலைச்சலையும் புதிய பெட்டி மிச்சப்படுத்திவிட்டது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பனிமலையைப் பார்த்து மயங்கி நிற்க வேண்டாம். கடைக்காரரிடம், “நானா, அந்தப் பென் டிரைவக் கழட்டிட்டு அன்டனாவக் குத்துங்க. நேத்ராவும் வசந்தமும் எப்படித் தெரியுதுன்னு பார்ப்போம்” என்று கேளுங்கள். அவர் மறுக்காமல் குத்திக் காட்டினால் அந்தக் கடையிலேயே வாங்குங்கள், சின்னதாக ஒன்று.