களியக்காவிளை தாண்டிய கல்வி: ஓர் அயலக ஆய்வு

புலம்பெயர் மாணவர் ஆய்வு என்றாலே டொராண்டோவும் மெல்பர்னும்தான். பனி விழாத ஊருக்குப் படிக்கப் போனவரைப் பற்றி எழுதினால் முனைவர் பட்டம் கிடையாது என்று எங்கோ விதி இருக்கவேண்டும். கேரளத்தின் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் காலையில் தோசை தின்று, அடுத்த மாநிலத்தில் பாடம் கேட்டு, மாலைச் சாயாவுக்கு வீடு திரும்பும் மாணவர்கள் அதனால்தான் அறிஞர் கண்ணில் படவில்லை. அக்குறையை இக்கட்டுரை நிரந்தரமாகத் தீர்க்கிறது.

1. வரலாறு. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893-ல் தோன்றியது. அதில் சேர்ந்த பாறசாலைக்காரர் 1956 அக்டோபர் 31 வரை உள்ளூர் மாணவர். மறுநாள் நாகர்கோவில் உள்ள அகஸ்தீஸ்வரமும், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆயின; பாறசாலை கேரளத்தில் நின்றது. அவர் அதே பெஞ்சில், அதே பேனாவோடு, அயலக மாணவர் ஆனார். இதற்கு 'அமர்நிலைப் புலம்பெயர்வு' என்று பெயரிடுகிறோம் (பெஞ்சில் காம்பஸ் முனையால் செதுக்கிய வரி).

2. விசா. 2020-ல் கொரோனாவுக்காக எல்லையூரான களியக்காவிளையில் இ-பாஸ் கேட்ட மாதங்கள் தவிர, இல்லை.

3. நேர மாற்றம். இல்லை, முதல் வகுப்புக்கு வராதவர்கள் மட்டும் இருப்பதாக வாதிடுகிறார்கள்.

4. உணவு அதிர்ச்சி. இந்தப் பக்கமும் ரசவடை, அந்தப் பக்கமும் ரசவடை. ஆய்வுக்கு இடமில்லை.

5. எல்லை கடக்கும் கணம். இதுவே இத்துறையின் உயிர்நாடி. பேருந்தின் மூக்கு தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது அதன் வால் கேரளத்தில் இருக்கிறது. ஆகவே முன்னிருக்கை மாணவர் கடைசி இருக்கை மாணவரைவிட ஓரிரு நொடி மூத்த புலம்பெயர்ந்தவர். 'முதல் தலைமுறை' என்ற பட்டம் அவருக்கே உரியது என்பர் முன்வாசல் மரபினர் (பயணச்சீட்டின் பின்புறம், மை கசிந்த பகுதி). பின்வாசல் மரபினர் விடவில்லை. மாலையில் தாய்மண்ணை முதலில் தொடுபவரும் முன்னிருக்கைக்காரரே. கூட்டிக் கழித்தால் இருவரும் அயலகத்தில் இருந்த நேரம் சமம் என்கிறார்கள் (களியக்காவிளைச் சாயாக்கடை, வடகிழக்கு மேசை, பரோட்டா கட்டிவந்த செய்தித்தாள், சால்னாக் கறைக்கு அடியில் மூன்றாம் பத்தி). காலையில் முன்னும் மாலையில் பின்னும் உட்காருபவர் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டது எதிர்த்தரப்பு. நடுவில் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் 'இடைநிலை அடையாளம்' என்று மூன்றாவது மரபைத் தொடங்கினார்கள்; உட்கார இடம் கிடைத்ததும் கைவிட்டார்கள். படியில் தொங்குவோர் எந்த மாநிலத்தவர் என்பதற்குச் சான்று ஒன்றே (நடத்துநர் வாய்மொழி, முதல் பதிப்பு, ஏச்சு நீக்கிய மாணவர் பதிப்பு, மறுநாள் அதே வளைவில் வெளியான, திருத்தி விரிவாக்கிய, தந்தையார் பெயரும் சேர்ந்த இருமொழிப் பதிப்பு). ஒரு மரபினர் எழுதியதை மற்ற மரபினர் படித்ததில்லை, மேற்கோள் மட்டும் காட்டுகிறார்கள். துறை முதிர்ந்துவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

1979-ல் திறந்த திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதையில் பாறசாலையிலிருந்து குழித்துறைக்குப் போகிறவர்களுக்கு எல்லை தாண்டியதே தெரிவதில்லை. எங்கள் கோட்பாட்டுக்கு இது ஒத்துவராததால் அவர்களைத் தரவிலிருந்து நீக்கிவிட்டோம்.

6. விழா. நவம்பர் 1 கேரளப் பிறவி. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. குமரிக் கல்லூரிக்கு உள்ளூர் விடுமுறை கிடைத்த ஆண்டில், கசவு உடுத்தி வீட்டுப் பக்கக் கல்லூரியின் கொண்டாட்டத்துக்குப் போய்விடலாம். மெல்பர்னில் இந்த வசதி இல்லை.

7. கடவுச்சீட்டு. அது பேருந்துச் சலுகை அட்டைதான். கேரளத்து மாணவர் சலுகை களியக்காவிளையோடு முடியும்; தமிழ்நாட்டு அட்டை அங்கிருந்துதான் தொடங்கும். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. களியக்காவிளையில் இறங்கி மார்த்தாண்டத்துக்கு நகரப் பேருந்து பிடிக்கும் மாணவிக்குக் காசு மிச்சம். மாநிலம் தாண்டும் பேருந்தில் உட்கார்ந்தே போகும் அவள் தோழிக்குக் கட்டணம் உண்டு. தம்பிக்கு இந்தச் சலுகை எதிலும் இல்லை. அறிஞர்கள் தேடும் எல்லைக்கோடு மண்ணில் இல்லை, நடத்துநரின் பையில் இருக்கிறது.

முடிவு. இரண்டு போக்குவரத்துக் கழகங்களும் பேசி, இரு பக்கமும் செல்லும் ஒரே மாணவர் அட்டை கொடுத்தால் இந்த அயலகக் கல்வி அன்றைக்கே உள்ளூர்க் கல்வியாகிவிடும். எங்கள் ஆய்வுத்துறையையும் இழுத்து மூடவேண்டியதுதான். மூடட்டும், அட்டையைக் கொடுங்கள்.