பெயரிலேயே இருந்தது நோட்டீஸ்

ஒடுகத்தூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் உத்திரகாவேரியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஓடுவது மணல். தண்ணீர் வந்துவிட்டால் ஊரே திரண்டு போய் செல்ஃபி எடுக்கும். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் பாலாறு 1903 நவம்பரில் வாணியம்பாடிக்குள் புகுந்து இருநூறு பேரைக் கொண்டுபோனது. வாணியம்பாடி இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது, டேனரி, பிரியாணி சகிதமாக.

தண்ணீர் அடித்துப்போன ஊரைத் திரும்பக் கட்டலாமா, மூட்டை கட்டலாமா? இந்த விஷயத்தில் நம் பாண்டியர்கள்தான் சீனியர் மோஸ்ட். முதல் சங்கம் வைத்த தென்மதுரையைக் கடல் கொண்டது. சரி என்று கபாடபுரத்துக்குப் போனார்கள். அதையும் கடல் கொண்டது. மூன்றாவது தடவைதான், ‘ஏனய்யா, கடலை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் என்ன?’ என்று யாருக்கோ உறைத்திருக்கிறது. இறையனார் களவியல் உரையில் கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கிறது. முதல் சங்கத்தில் 549 பேர், இரண்டாவதில் 59, மூன்றாவதில் 49. ஹெட் ஆபீஸை மாற்றும்போதெல்லாம் ஆட்குறைப்பு செய்வது அப்போதே தொடங்கிவிட்டது!

சரி, மதுரைக்கு வந்தாச்சே, நிம்மதியா? வைகை கரையை உடைத்துக்கொண்டது. வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட, வந்தி என்ற கிழவிக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்தார். சம்பளம் உதிர்ந்த பிட்டு. தின்றார், ஆடினார், வேலை நேரத்தில் தூங்கினார், பிரம்படி வாங்கினார். வெள்ளத் தடுப்புப் பணியில் தூங்கியதற்காக இந்த நாட்டில் அடி வாங்கியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சோழர்கள் ரூட் வேறு. புகாரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். பிள்ளையைத் தொலைத்த துக்கத்தில் ராஜா இந்திர விழா எடுக்க மறந்துவிட்டாராம். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது, ஃபைல் க்ளோஸ். கரையோரத்தில் ஏன் இத்தனை மாடி மாளிகை கட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை? மூச்.

இனி தனுஷ்கோடிக்கு வருவோம். இலங்கைப் போர் முடிந்ததும் விபீஷணன் கேட்டுக்கொள்ள, ராமர் தன் வில்லின் முனையால் சேதுவை உடைத்த இடம் என்பது ஐதீகம். கட்டினதைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறோம். ஊருக்குப் பெயர் வந்ததோ உடைத்ததால். டெமாலிஷன் நோட்டீஸைப் பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டு உலகத்தில் வேறு எந்த ஊராவது இருக்கிறதா? அங்கே போய் ரயில்வே ஸ்டேஷன் கட்டினான் வெள்ளைக்காரன்.

அவனுக்கு ஆசை ராமர்மேல் இல்லை, கொழும்புமேல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, ஸ்டீமர் பிடித்து, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். பேர் போட் மெயில். சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் என்று ஊர் ஜேஜே என்றாகிவிட்டது. மெயின் லைன் தனுஷ்கோடிக்கு. கோடி பேர் கும்பிடும் ராமேஸ்வரம் ராமநாதசுவாமிக்கோ கிளை லைன்! கஸ்டம்ஸ் ஆபீசருக்கு அடுத்தபடிதான் கடவுள்.

இருபக்கமும் கடல், நடுவில் ஒரு நாக்கு மணல். அதன்மேல் இத்தனையும் ஐம்பது வருஷம் நின்றதே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

1964 டிசம்பர் 22, புயல் இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன். பாம்பனிலிருந்து 653-ஆம் நம்பர் பாசஞ்சர் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிரைவர் ஊதிக்கொண்டு வண்டியை எடுத்தார் என்கிறார்கள். அலை வந்தது. வண்டியில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. விடிந்தபோது ஊரும் இல்லை. மொத்தம் 1,800 பேருக்குக் குறையாது என்பது கணக்கு. இந்தப் பத்தியில் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நம் கதை. உடைந்த பாம்பன் பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கொடுத்தது. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினியர் (பிற்பாடு டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான்) 46 நாளில் முடித்துவிட்டார். பாலத்துக்கு 46 நாள். ஊருக்கு? மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. கிளை லைன் சாமிக்கு ஐம்பது வருஷம் கழித்து புரமோஷன்!

அமெரிக்காக்காரனும் இந்தப் பரீட்சை எழுதியிருக்கிறான். டெக்சாஸில் இண்டியனோலா என்ற துறைமுகத்தை 1875-ல் புயல் அடித்தது. கட்டினார்கள். 1886-ல் மறுபடி அடித்தது. போதுமடா சாமி என்று போய்விட்டார்கள். அதே கரையில் கால்வெஸ்டன், 1900-ல் ஆறாயிரம் பேருக்கு மேல் பலி. அவர்கள் நகரவில்லை. கடலுக்குச் சுவர் எழுப்பி, கார் டயர் மாற்றுகிற மாதிரி வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் மணல் கொட்டினார்கள். சர்ச் கட்டடத்தையும் விடவில்லை. பணம் இருந்தால் பிடிவாதத்துக்குப் பெயர் தொழில்நுட்பம்.

என் கட்சியைக் கேட்டால், தனுஷ்கோடியைக் கட்டாமல் விட்டது சரிதான். விட்டவர்களால் சும்மா இருக்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. 2017-ல் அரிச்சல்முனை வரை பளபளவென்று ரோடு. 2019-ல் ரயில் பாதைக்கு மறுபடி அடிக்கல். கல் இருக்கிறது, ரயிலைத்தான் காணோம். 2025-ல் பூநாரைச் சரணாலயம். மனிதர் வாழத் தகுதியற்ற இடத்தில் பறவைக்கு அரசாணையோடு பட்டா!

இத்தனை கலாட்டாவிலும் ஒரு கூட்டம் நகரவே இல்லை. மீனவர்கள். அறிவிப்பு வந்தது, கேட்டுக்கொண்டார்கள், வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். பல வருஷம் கரண்ட் கிடையாது. தண்ணீருக்கு மணலில் கையால் ஊற்று தோண்டுவார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நாலடியில் நல்ல தண்ணீர் ஊறும். வேகமாக மொண்டால் உப்பாகிவிடும் என்பதால் நிதானமாக மொள்ளுவார்கள். மெயின் லைன் போட்ட எந்தத் துரைக்கும் இல்லாத நிதானம்.

நீங்களும் ஒரு நடை போய்வாருங்கள். இடிந்த சர்ச் முன்னால் படம் எடுங்கள், மீன் வறுவல் சாப்பிடுங்கள். சாயங்காலமானதும் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வண்டியேற்றி அனுப்பிவிடும், இருட்டினால் ஆபத்து என்று. உங்களுக்கு மீன் வறுத்துக் கொடுத்த அம்மாவுக்கு அந்த விசில் கிடையாது. அவர் வீடு அங்கேதான்.