குரங்கம்மைக்கு வந்த மரியாதை

குரங்கம்மை செய்த பெரும்பிழை, ஐம்பது ஆண்டுக்கு மேல் ஏழைகளோடு மட்டுமே குடித்தனம் நடத்தியதுதான். 1970இல் காங்கோவின் பசன்குசுவில், ஒன்பது மாதக் குழந்தை ஒன்றிடம்தான் மனிதருக்கு வந்த முதல் குரங்கம்மை கண்டறியப்பட்டது. பிறகும் காட்டோரக் கிராமங்களில் பிள்ளைகள் உடம்பெல்லாம் கொப்புளமாய்க் கிடந்தார்கள். உலகம் புரண்டு படுத்தது.

2022 மே மாதம் அதே வியாதி லண்டனில் தலைகாட்டியது. அடடா, என்ன உபசாரம்! ஜூலை 23இல் சர்வதேச அவசரநிலை. பயங்கரவாதி எவனாவது பெரியம்மையை ஏவிவிடுவானோ என்று பயந்து பணக்கார நாடுகள் உறைபெட்டியில் அடைகாத்து வந்த தடுப்பூசி சட்டென வெளியே வந்தது. நியூயார்க்கில் அதற்கு வரிசை நின்றது.

காங்கோவுக்கு? 2024 செப்டம்பர் 5இல்தான் முதல் தவணை போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஊசி. செத்தவர்களில் பெரும்பாலோர் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள். வந்த ஊசியோ பதினெட்டு நிரம்பியவர்களுக்கு! பிறகு யுனிசெஃப் பேரம் பேசி முடித்த விலை, ஊசி ஒன்றுக்கு 65 டாலர் வரை. ஆளுக்கு இரண்டு வேண்டும். சந்தையில் அப்போது அதுவே மலிவாம். வள்ளல்கள்!

நோயை உறுதிசெய்யக் கொப்புளத்தைத் துடைத்தெடுத்து பிசிஆர் செய்ய வேண்டும். ஆய்வகமோ எங்கோ நகரத்தில். ஆகவே காங்கோவில் பலர் 'சந்தேகத்துக்குரியவர்' என்ற பெயரோடே புதைக்கப்பட்டார்கள். திருடனைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. நோயாளியைத் தொடாதீர்கள், தனி அறையில் வையுங்கள், படுக்கை விரிப்பைத் தனியாகத் துவையுங்கள். 2024இல் காங்கோவின் கோமா நகரைச் சுற்றிய இடம்பெயர்ந்தோர் முகாமில், ஒரே தார்ப்பாயின் கீழ் முழுக் குடும்பமும் படுத்திருந்தது. எந்த அறை, ஐயா? எந்த விரிப்பு?

மருந்துக்கு வருவோம். டெக்கோவிரிமேட் மாத்திரையைக் காங்கோவிலேயே சோதித்தார்கள். 2024 ஆகஸ்டில் முடிவு வந்தது: கொப்புளம் ஆறும் நாளை அது குறைக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் மாத்திரை பெற்றவர், வெற்று மாத்திரை பெற்றவர் எல்லாரையும் சேர்த்தே சாவு 1.7 சதவீதம்தான். நாட்டில் மற்ற நோயாளிகளிடையே அது 3.6 சதவீதமோ அதற்கு மேலோ. காரணம்? சோதனைக்கு வந்தவர்களை மருத்துவமனையில் படுக்கவைத்து நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வெளியே செத்த பிள்ளைகளைக் கிருமி மட்டுமே கொன்றது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.