விற்பனைக்கு வீடு வைத்திருப்போருக்கு விரைவுப் பயிற்சி

விற்றுப்போன வீட்டால் பணம் வரும், அவ்வளவுதான். விற்காத வீட்டால் வருவது மரியாதை. "செங்கல்பட்டு வீட்டுக்கு ஒன்றரைக் கோடி கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன்" என்று கல்யாணப் பந்தியில் சொல்ல வேண்டுமானால் வீடு கையில் இருந்தாக வேண்டும். விற்பனைக்கு என்றும் அறிவிக்க வேண்டும், விற்றும் போகக் கூடாது. கடினமான கலைதான். பாதியை நீங்களே கற்று வைத்திருக்கிறீர்கள். மீதி இதோ.

1. விலையை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டைப் பார்த்து அல்ல, செய்தித்தாளைப் பார்த்து. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது: பத்து லட்சம் ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள்: இன்னொரு பத்து. மெட்ரோ கிளாம்பாக்கம் வரை வரப்போகிறதாம்: வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்தார்கள். உங்கள் வீடு இருப்பது பரனூர் சுங்கச்சாவடி பக்கம். பரவாயில்லை, வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் தெருவில் கடைசியாக நடந்த கிரயம் எவ்வளவு என்று மட்டும் விசாரித்துவிடாதீர்கள். மனசு உடைந்துவிடும்.

2. விளம்பரத்தில் "ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்" என்று போடுங்கள். எதில் போனால் என்று போடாதீர்கள். மொட்டை மாடியில் ஏறி எக்கினால் கொளவாய் ஏரி தெரிகிறதா? 'லேக் வியூ'. கார்த்திகையில் தெருவிலேயே தண்ணீர் நிற்கிறதா? அப்போது எக்கவே வேண்டாம்.

3. ஒழுகலைச் சரிசெய்யாதீர்கள், பெயிண்ட் அடியுங்கள். மாடித் தட்டோட்டில் விரிசலை அடைக்க ஆயிரங்கள் ஆகும். ஒரு டப்பா பெயிண்டுக்கு எவ்வளவு ஆகிவிடும்? முழுச் சுவருக்கும் வேண்டாம், ஓதம் ஏறிய இடத்துக்கு மட்டும் போதும். வந்தவர் கண் அலையாமல் நேராக அங்கே போகும். "2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் சார் கரையைக் கடந்தது, ஒரு சொட்டு உள்ள வரல" என்று சொல்லுங்கள். சொல்லும்போது மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியின் மேல் நீங்களே உட்கார்ந்துகொள்வது நல்லது.

4. கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், இளநீர் கொடுங்கள். குழாயைத் திறக்க விடாதீர்கள். மீறித் திறந்து உப்புக் கரித்தால், நெம்மேலியைக் கை காட்டுங்கள். அங்கே 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லுங்கள். அது குழாய் வழியே சென்னைக்குப் போவதை அவரே கண்டுபிடிக்கட்டும்.

5. மாமல்லபுரத்தில் சிற்பங்களுக்கு அருகில் வீடு வைத்திருக்கும் பாக்கியசாலியா? "மேல இன்னும் ரெண்டு மாடி எழுப்பிக்கலாம்" என்ற வரியை மறக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. பல்லவர்கள் கேட்டா செதுக்கினார்கள்?

6. வீடு பார்க்க மத்தியானம் இரண்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். மாமா கூடத்தில் கைலியோடு படுத்திருப்பார், அவரைத் தாண்டித்தான் அறைக்குப் போக வேண்டும். குடித்தனக்காரரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். வீடு விற்கிறார்கள் என்பதை வாசலில் வந்து நிற்பவர் வாயால் அவர் கேட்பதுதான் முறை. பிறகு அவரே சுற்றிக் காட்டுவார்: எந்தச் சுவரில் ஷாக் அடிக்கும், எந்தக் கழிவறை எப்போது எதிர்த்துக்கொண்டு வரும், பின்பக்கத்துக்காரர் எத்தனை அடி உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பியிருக்கிறார். தரகருக்குக்கூட இவ்வளவு விவரம் தெரியாது. குடித்தனக்காரருக்கு நீங்கள் கமிஷனும் தர வேண்டியதில்லை, பாக்கி அட்வான்ஸைத் தந்தால் போதும். அதையும் தந்துவிடாதீர்கள்.

7. இப்போது பத்திரம். இதில்தான் நம் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

சொத்து வரி ரசீது தாத்தா பெயரில் இருக்கட்டும், பட்டா அப்பா பெயரில், மின் இணைப்பு யாரென்றே தெரியாத ஒரு முதலியார் பெயரில். பட்டா மாற்றம் எல்லாம் வாங்குபவர் பார்த்துக்கொள்வார். வங்கிக் கடனை என்றோ அடைத்துவிட்டீர்கள், ஆனால் அதற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை. மிகச் சரி. வில்லங்கச் சான்று போட்டால் அடமானம் உயிரோடு எழுந்து வரும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டால் சிரியுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை போட்டு, மறு ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தபோது ஊரே வரிசையில் நின்றது. நீங்கள் நிற்கவில்லை. அந்த உறுதியை இப்போது தளர்த்தாதீர்கள்.

அக்காவிடம் கையெழுத்து வாங்குவதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். உயில் எழுதாமல் அப்பா போய்விட்டால் அவர் சம்பாதித்த சொத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே சொல்லிவிட்டது. அதை அக்காவுக்கு நீங்கள் நினைவூட்ட வேண்டாம், வாங்குபவரின் வக்கீல் நினைவூட்டுவார். சீர் செய்த கணக்கை எடுத்துக்கொண்டு அத்தான் வருவார். அதற்கப்புறம் உங்களுக்கு வேலையே இல்லை. வீடு தானாகவே விற்காது.

8. இவ்வளவையும் மீறி ஒருவர் நிற்கிறாரா? பாதியை ரொக்கமாகக் கேளுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போட முடியும். போடப்போவது வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு. பரந்த மனசோடு ஏற்றுக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் அவர் தலையில்தானே! அதில் அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். பயந்து ஓடாவிட்டால் ஆள் வருமான வரித்துறையிலேயே வேலை பார்ப்பவராக இருக்கலாம்.

9. சிலர் ஓட மாட்டார்கள். வெள்ளைப் பணம், வங்கிக் கடன் தயார், அக்காவையும் சமாதானப்படுத்திவிட்டார், ஒழுகலைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். நல்ல நாள் பார்த்து, வெற்றிலைத் தட்டில் டோக்கன் அட்வான்ஸோடு வாசலில் நிற்கிறார். பதறாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், காபி கொடுங்கள். டம்ளரை அவர் கீழே வைக்கும் வரை காத்திருங்கள். "பெங்களூர் பார்ட்டி ஒண்ணு நேத்துதான் பேசிட்டுப் போச்சு சார்" என்று ஆரம்பித்து, ஐந்து லட்சம் ஏற்றுங்கள்.