பலகைக்கும் பத்திரம்

காலிக் கோட்டைக்குள் கடைப் பெயர்ப்பலகை மாட்டவும் வீட்டு முகப்பை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டுமாமே! எங்கள் ஊருக்கும் அப்படி வந்தால்?
*– ஒரு வாசகர், இறுப்பிட்டி, புங்குடுதீவு*

வரட்டும்! பூட்டிக் கிடக்கிற நாற்சார் வீடுகளுக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவார்கள்? சாவி கனடாவில், உறுதி பிரான்சில், வழக்கு ஊர்காவற்றுறையில். காலிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. 1988 இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து கோட்டையைப் பார்க்க உலகமே வருகிறது. பழைய ஓடும் விறாந்தையும்தான் அங்கே வியாபாரம்.

எங்கள் பூட்டன் கட்டிய வீட்டுக்கு 150 வயது. தொல்லியல் சட்டம் காக்காதா?

பூட்டன் ஓர் அறுபது வருடம் பிந்திவிட்டார்! 1940 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்சின்னம் என்றால் 1815 மார்ச் 2 க்கு முந்தியதாக இருக்க வேண்டும். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அரசன் கதிரையை இழந்த திகதிக்கும் புங்குடுதீவுத் திண்ணைக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிந்திய கட்டடம் என்றால், பாதுகாக்கப்பட்ட சின்னமாகத் தனியே அறிவிக்க வேண்டும். அதுவரை இடிக்கிற எண்ணம் இருந்தால், தூணையும் முற்றத்தையும் அளந்து, படம் எடுத்துவிட்டாவது இடியுங்கள்.