நாலு இமைக்கு என்ன விலை?

சாய்ந்தமருதுக் கடற்கரை நாய்களுக்கு விலை கிடையாது. கரைவலை இழுத்து முடிகிற நேரம் வந்து நிற்கும். வலையில் இருந்து தவறுகிற கீரிமீன்தான் சம்பளம். வீட்டுக்குள் யாரும் எடுப்பதில்லை. நாங்கள் ஷாஃபி மத்ஹப். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. இந்த ஊரில் பிறந்த நான் நாய்களின் கண்ணிமைச் சத்திரசிகிச்சைக்கு எங்கே என்ன விலை என்று விசாரித்துத் திரிந்ததற்குக் காரணம், லண்டனில் இருக்கிற என் காரைதீவுக் கூட்டாளி.

அவன் வளர்ப்பது ஷார்பே இன நாய். பெருநாள் காலையில் பெட்டியடியிலிருந்து உருவி எடுத்த ஜுப்பா மாதிரி ஒரு முகம். இமை உள்பக்கம் சுருண்டு, மயிர் கருவிழியில் உரசுகிறதாம். என்ட்ரோபியன் என்கிறார்கள். விட்டால் விழி புண்ணாகிப் பார்வையே போகலாம். “மச்சான், டொக்டர் தந்த கணக்கைப் பார்த்து எனக்குத்தான் கண் இருட்டுது” என்றான்.

நாய்க்கு நாய் கணக்கு வேறு. லப்ரடோருக்குக் கீழிமையோரம் பிறை வடிவில் ஒரு கீற்றுத் தோலை வெட்டித் தைத்தால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. பாசெட் ஹவுண்டுக்கு இமை வெளிப்பக்கம் தொங்கும். அதற்கு வேறு தையல். செயின்ட் பேர்னாட் பேராசைக்காரன், ஒரே இமையில் நடுவில் வெளியேயும் ஓரங்களில் உள்ளேயும் மடித்து வைத்திருப்பான். உடம்பும் பெரிது என்பதால் மயக்கமருந்துச் செலவே ஏறும். புல்டோக்குக்கு மூக்குச் சப்பை. மயக்கத்தில் மூச்சுத் திணறாமல் பக்கத்தில் ஆள் நின்று பார்க்க வேண்டும், அதற்கும் காசு. ஷார்பேக்கு நாலு இமையிலும் கை வைக்க வேண்டி வரலாம். குட்டியென்றால் முகம் வளரும்வரை தற்காலிகத் தையல் போட்டுக் காத்திருப்பார்கள். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் இமை மறுபக்கம் தொங்கிவிடும். அதனால் நல்ல வைத்தியர் கொஞ்சம் குறைத்தே வெட்டுவார். போதாவிட்டால் மறுகாவும் ஒரு பில்.

லண்டனில் இது சில நூறு பவுணில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். பவுணுக்கு நானூறு ரூபாய் என்று போட்டால் ஆயிரம் பவுண் நாலு இலட்சம். ஏழு பேர் பங்கு சேர்ந்து ஒரு மாட்டைக் குர்பான் கொடுக்கிற ஊரில் இந்தக் கணக்கை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். உம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

“நாலையும் ஒரே கூறா எடுத்தாக் குறைக்கமாட்டாங்களா மகன்?”

சிரித்தேன். ஆனால் உம்மா சொன்னதுதான் சரி. ஒரே மயக்கத்தில் நாலையும் முடித்தால் செலவு குறையத்தான் செய்யும். அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதிலில்லை: “கஹ்ஃப் சூறாவில வாற நாய் முந்நூறு வருசத்துக்கு மேல குகையில கிடந்திச்சே, அதுட இமைக்கு ஆரு காசி குடுத்த?”

ஷார்பேயின் கதையே விசித்திரம். 1973இல் ஹொங்கொங்கில் மட்கோ லோ என்பவர், இந்த இனம் அழியப்போகிறது, காப்பாற்றுங்கள் என்று ஒரு அமெரிக்கச் சஞ்சிகை வழியாகக் கேட்டார். அமெரிக்கர்கள் காப்பாற்றினார்கள், கொஞ்சம் அதிகமாகவே. பழைய ஷார்பேயின் முகத்தில் மடிப்பு இவ்வளவு இல்லை. மடிப்புக் கூடிய குட்டிக்குக் கிராக்கி என்றதும் மடிப்பையே பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். ஆக, கூட்டாளி முதலில் மடிப்புக்குக் காசு கொடுத்தான். இப்போது மடிப்பை எடுக்கக் கொடுக்கப் போகிறான்.

“நம்மட நாட்டில மலிவா?” என்று கேட்டான். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில். அங்கே போதனா வைத்தியசாலையும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து அங்கே போக மஹியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவில் ஏறினால் மனிதருக்கே வாந்தி வரும், லண்டன் நாய் தாங்குமா? பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் போனேன்.

“எத்தனை மாடு?”

“மாடில்ல சேர், நாய்.”

“கடிச்சிட்டா?”

“இல்ல, இமை.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கண்ணைப் பார்த்தார். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக உலகத்துக்கே கருவிழி அனுப்புகிற நாடு இது. நாயின் இமைக்கு மட்டும் இப்படி ஒரு பார்வை.

இன்னொரு சங்கதியும் தெரியவந்தது. அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி, இந்தச் சிகிச்சை செய்த நாய் அழகுப் போட்டிக்குப் போக ஏலாது. இதை ரியாதில் வேலை செய்த என் மச்சினன் உடனே ஒத்துக்கொண்டார். 2021 டிசம்பரில் மன்னர் அப்துல் அஸீஸ் ஒட்டகத் திருவிழாவில் போட்டொக்ஸ் போன்ற வேலைகள் செய்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களை அழகுப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்களாம்.

கடைசியில் லண்டனிலேயே செய்தார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு படம் வந்தது. நாய் கண்ணை நன்றாகத் திறந்து பார்க்கிறது. உம்மா போனைத் தூரப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“மூஞ்சி முழுக்க இன்னும் சுருங்கித்தானே கிடக்கு. வேலை பாதியில நிக்கிது மகன். மிச்சக் காசத் திருப்பிக் கேக்கச் சொல்லு.”